தரை தெரிகிற ஷூ

ஜூலை 6, ஞாயிறு

தாரணி புது ஷூ வாங்கியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன் படித்துச் சொல்லச் சொல்ல அவளே தேர்ந்தெடுத்து ஆர்டர் போட்டாளாம்.

காலையில் புலியகுளத்தில் அவள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் அதைத்தான் முதலில் என் கையில் கொடுத்தாள். ஷூ என்று அவள் சொன்னதால் ஷூ. எடையே இல்லை. சுருட்டினால் கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது. அடிப்பாகம் ஒரு ரப்பர் தகடு, அவ்வளவுதான். விரல் பக்கம் வாத்துக்கால் மாதிரி அகலம். குதிகாலில் மெத்தை கிடையாது. கிட்டத்தட்ட வெறுங்காலில் ஓடுவது போலவே இருக்குமாம், கண்ணாடித் துண்டு மட்டும் குத்தாதாம்.

போன தீபாவளிக்கு கிராஸ்கட் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி நல்ல தடிமனான ஷூ ஒன்றை நான்தான் அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். அது இன்னும் புதுசு போலவே இருக்கிறது. அதற்கு என்ன குறை என்று கேட்டேன்.

"மெத்தை மேல ஓடற மாதிரி இருக்குதுங்க்கா. கீழ என்ன இருக்குதுன்னே தெரியறதில்லை."

"அதைச் சொல்றதுக்குத்தான நான் இருக்கறேன்."

அவள் ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தாள்.

ஒன்பது வயதில் கண் பார்வை போன பெண் அவள். இப்போது இருபத்தெட்டு வயது, வங்கியில் வேலை. மூன்று வருடமாக ஒரு முழக் கயிற்றின் ஒரு நுனி என் இடது மணிக்கட்டிலும் மறு நுனி அவள் வலது மணிக்கட்டிலும் இருக்க, ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் சேர்ந்து சுற்றி வருகிறோம். பள்ளம், மேடு, நாய், தண்ணீர் தேங்கிய இடம் எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டே ஓடுவேன். அக்டோபர் பந்தயத்தில் இருபத்தொரு கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில் இந்தக் கூத்து.

ஜூலை 8, செவ்வாய்

ஒரே ஒரு கிலோமீட்டர். எனக்கு உடம்புகூடச் சூடாகவில்லை, "போதுமுங்க்கா" என்று நின்றுவிட்டாள். இந்த ஷூவுக்கு முதல் இரண்டு வாரம் அவ்வளவுதானாம், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இத்தனை காலம் குதிகாலை ஊன்றி ஓடிப் பழகிய கால், இனி பாதத்தின் முன்பக்கத்தில் இறங்கப் பழக வேண்டுமாம். அவசரப்பட்டால் கெண்டைக்கால் போய்விடுமாம். எல்லாம் அவள் எங்கோ கேட்டுவைத்தது.

அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் இரண்டு சுற்று ஓடினேன். வழியில் மூன்று பேர் "அந்தப் பொண்ணு வரலீங்களா?" என்று விசாரித்தார்கள். நான் வந்திருக்கிறேனே.

ஜூலை 16, புதன்

அலுவலகத்தில் மறுகூட்டல் விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. பரீட்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஜூலை மாதமே கிடையாது. வீட்டில் மிக்ஸி ரிப்பேர். இவர் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்கிறார்.

தாரணிக்குக் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிப் போயிருக்கிறது. படியில் பின்பக்கமாகத்தான் இறங்குகிறாளாம். அவள் அம்மா போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஷூவைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள் என்றேன். தாரணி போனை வாங்கி, இது நல்ல வலிதான் என்றாள். வலியில் என்ன நல்ல வலி, கெட்ட வலி.

ஜூலை 27, ஞாயிறு

எழுதவே எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இப்போது இரண்டு கிலோமீட்டர் வரை வந்திருக்கிறாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொல்லிவிடுகிறாள். "டைல்ஸ் முடிஞ்சுதுங்க்கா, இனி தார்." "இங்க வெள்ளைக்கோடு, வழவழன்னு இருக்குது." "இது சாக்கடை மூடி." விளையாட்டுப் பொருள் கிடைத்த குழந்தை மாதிரி. நானும் விடாமல் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். ஒரே விஷயத்தை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு ஓடினோம். கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

ரோட்டில் இறங்கி ஓடும்போது திடீரென்று வேகத்தைக் குறைத்தாள்.

"அக்கா, நான் ஓடற பக்கம் சரிவா இருக்குதுங்களா?"

ரோடு என்றால் ஓரம் சரிவாகத்தான் இருக்கும், மழைத்தண்ணீர் வடிய வேண்டாமா என்றேன். எப்போதுமே அவள் இந்தப் பக்கம்தான் ஓடினாளா என்று கேட்டாள். ஆமாம், வண்டி வருகிற பக்கம் நான் இருக்க வேண்டும், அதுதான் பாதுகாப்பு, எல்லா வழித்துணை ஓட்டக்காரர்களும் அப்படித்தான் என்றேன். போன வருடம் முழுக்க அவளுக்கு இடது இடுப்பு வலித்ததை ஞாபகப்படுத்தினாள். தசைக்குப் பலம் இல்லை என்று பயிற்சி எல்லாம் செய்தோமே என்றாள்.

செய்தோம்தான். நான்தான் கூடவே உட்கார்ந்து செய்ய வைத்தேன். அதை அவள் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிக்காற்று. கண்ணெல்லாம் மண். மூன்று கிலோமீட்டர், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இருபத்தொன்று இல்லையாம். பத்துதானாம். அக்டோபருக்குள் இந்த ஷூவில் இருபத்தொன்று ஓடினால் எலும்பில் விரிசல் விட்டுவிடும் என்று அவளே பதிவை மாற்றிவிட்டாள். செய்துவிட்டுத்தான் சொல்கிறாள்.

"நீங்க இருபத்தொண்ணே ஓடுங்க்கா. எனக்காக ஏன் விடறீங்க? ரன்னிங் கிளப்புல வேற யாரையாவது கேட்டுக்கறேன்."

என்னவோ எனக்குச் சலுகை தருவது போல.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடிக்காமலே, "அதான் சரி. நீ தனியா ஓடு" என்றார். தனியாக ஓடியிருக்கிறேன். தாரணி வருவதற்கு முன் இரண்டு பந்தயம். இரண்டிலும் கடைசி நூறு பேருக்குள் வந்தேன். முடிக்கும்போது ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம் தாரணியோடு ஓடியபோது பேப்பரில் படம் வந்தது. அதை ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். எங்கள் கல்லூரி முதல்வர் அம்மாவே நின்று பார்த்துவிட்டுப் போனார். அதற்காக ஓடுகிறேன் என்று அர்த்தமில்லை.

பத்துக்கே நானும் மாற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தாரணி விழுந்துவிட்டாள்.

நடைபாதையில் ஏதோ பந்தல் வேலை. அதனால் பின்பக்கத் தெருவுக்குப் போனோம். அங்கே புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள், வெள்ளைக்கோடுகூட இன்னும் அடிக்கவில்லை. மின்கம்பத்தைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்தது, நல்ல உயரம். இன்றைக்கு இவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இங்கே ஜல்லி, இங்கே தண்ணீர் ஓடி மண் படிந்திருக்கிறது என்று அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குப் பேச இடமே தரவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பஸ் சத்தம். கேட்டிருக்காது.

இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துவிட்டது. முழங்காலில் ஆழமான சிராய்ப்பு, முகவாயில் இரண்டு தையல். கயிறு என்னையும் இழுத்தது, நான் விழவில்லை. கிளினிக்கில் தையல் போடும்போது என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தமே போடவில்லை.

அவள் அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். காபி போட்டுக் கொடுத்தார். "நீங்க கூட இருந்ததுனால இதோட போச்சுங்க" என்றார். பாதி காபியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கிளப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அந்த ஷூதான் காரணம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

போன் செய்தேன். தையல் வலி இல்லையாம். பேச்சுவாக்கில், இதற்குத்தான் அந்த ஷூ வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன் என்றேன். காலில் பட்ட பிறகுதானே ஷூ சொல்லும், படுவதற்கு முன்னால் சொல்லுமா என்றேன்.

"சொல்லாதுங்க்கா. அந்த மேடு உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

பஸ் வந்தது, அந்தச் சத்தத்தில் நான் சொன்னது உனக்குக் கேட்டிருக்காது என்றேன்.

"பஸ் எதுவும் வரலைங்க்கா."

அம்மா கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள். அவள் அம்மா கூப்பிட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அவளிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. எதற்கு நானே செய்ய வேண்டும்.

சமையலறை பரண் மேல் இருந்ததையெல்லாம் இறக்கித் துடைத்தேன். மூடி இல்லாத டப்பாக்கள் ஏழெட்டு, டப்பா இல்லாத மூடிகள் அதற்கு மேல். மிக்ஸி இன்னும் வரவில்லை. இவர் மேல் கத்தினேன். இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் வாங்கி வந்தார். அதற்கும் கோபம் வந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

ரேஸ் கோர்ஸில் தாரணியைப் பார்த்தேன். கூட ஜெனிபர். பல் டாக்டர், போன வருடம்தான் கிளப்பில் சேர்ந்தவள். கயிறு தொளதொளவென்று தொங்குகிறது. அப்படியா பிடிப்பார்கள். டைல்ஸ் மாறுகிறது, சொல்லவில்லை. சாக்கடை மூடி, சொல்லவில்லை. இரண்டு பேரும் ஏதோ சினிமாக் கதை பேசிக்கொண்டு ஓடினார்கள். தாரணி ஒரு அடிகூடத் தடுமாறவில்லை. அடி எடுத்து வைக்கும் சத்தமே வரவில்லை. முன்பெல்லாம் தொப்பு தொப்பென்று வைப்பாள்.

அவர்கள் என் பக்கம் வந்தபோது சட்டென்று இளநீர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நின்ற பிறகுதான் உறைத்தது. கண் தெரியாத பெண்ணிடமிருந்து எதற்காக ஒளிந்தேன்? ஜெனிபர் பார்த்துவிட்டாள். லேசாகத் தலையாட்டினாள். தாரணியிடம் சொல்லியிருப்பாள்.

இளநீர்க்காரர் வெட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாதபோதும் வெட்டச் சொல்லிக் குடித்தேன்.

செப்டம்பர் 13, சனி

அதே ஷூவை வாங்கிவிட்டேன். என்னதான் இருக்கிறது அதில் என்று தெரிய வேண்டாமா. இவரிடம் ஆபீஸுக்குப் போட என்று சொல்லியிருக்கிறேன்.

காலையில் தனியாகப் போனேன். முதல் நூறு அடி நடக்கவே கூச்சமாக இருந்தது, செருப்பில்லாமல் தெருவில் இறங்கிவிட்டது போல. ஓட ஆரம்பித்ததும் குதிகால் தரையில் இடித்து மண்டை வரை அதிர்ந்தது. இரண்டு தடவை அப்படி இடித்தால் கால் தானாகவே முன்பக்கமாக இறங்கிவிடுகிறது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடி சின்னதாகிறது. சத்தம் குறைகிறது.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. சாக்கடை மூடி சில்லென்று இருக்கிறது. வெள்ளைக்கோடு ஒரு நூல் உயரம்தான், ஆனாலும் தெரிகிறது. புங்கமரத்துக்கு அடியில் காய்ந்த காய்கள் நெறுநெறுவென்று உடைகின்றன. மூன்று வருடமாக இந்த இடத்தை நாளுக்கு நூறு தடவை வாயால் சொல்லியிருக்கிறேன். இது எதையும் நான் சொன்னதில்லை. எனக்கே தெரியாதே.

ரோட்டில் இறங்கி, அவள் ஓடுகிற பக்கமாகவே ஓரத்தில் ஓடிப் பார்த்தேன்.

சரிவுதான். நல்ல சரிவு.

நிறுத்தத் தோன்றவில்லை. ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டேன். பிரமாதமாக இருந்தது. இவளுக்கு எதற்கு ஒரு மாதம், இரண்டு மாதம் என்று பழக்கம் வேண்டியிருந்ததோ.

செப்டம்பர் 14, ஞாயிறு

கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. வலது கெண்டைக்காலில் யாரோ கத்தியைச் செருகிவைத்த மாதிரி இருக்கிறது. கழிப்பறைக்கு இவர் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். "ஆபீஸ் ஷூ ரொம்பக் கடிச்சுருச்சா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் இவர் செய்த ஒரே நகைச்சுவை இன்றைக்குத்தானா வர வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

தசை கிழிந்திருக்கிறது. ஆறு வாரம் ஓடக் கூடாது. அந்த டாக்டருக்கு வயது முப்பதுகூட இருக்காது. முதல் நாளே எவ்வளவு ஓடினீர்கள் என்று கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

செப்டம்பர் 24, புதன்

தாரணி போன் செய்தாள். ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தாள். ஜெனிபர் நல்லவள், ஆனால் ஆறு கிலோமீட்டருக்கு மேல் போனால் தாரணியின் வேகத்துக்கு வர முடியவில்லை. பந்தயத்துக்கு நான் வருவேனா என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்காக எத்தனை நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதப் போவதில்லை. வர முடியாது என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.

சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. நிறுத்துவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி சிரிப்பாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வைத்துவிடலாமா என்று இருந்தது.

"ஒரு கிலோமீட்டர்னு உங்க காதுபடத்தானுங்க்கா சொன்னேன்."

சொன்னாய் என்றேன். அவள் போனை வைக்கவில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னேன்.

"அன்னிக்கு அந்த ஸ்பீடு பிரேக்கரை நான் பார்த்தேன், தாரணி. பார்த்துட்டுத்தான் சொல்லலை."

"தெரியுமுங்க்கா. நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி உங்க கை இறுகும். கயித்துல எனக்குத் தெரியும். அன்னிக்கும் இறுகுச்சு. அப்புறம் சத்தமே வரலை."

மூன்று வருடமாக என் கை அவளிடம் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டாள். நான் இல்லாமல் உன்னால் முடிகிறதா என்று பார்க்கத் தோன்றியது என்றேன். மறைக்க எதுவும் மிச்சமில்லை.

"முடியலைன்னு பார்த்துட்டீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுத பூஜைக்காக ஆபீஸில் பீரோவெல்லாம் துடைத்தோம். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு நான் துடைத்த லட்சணம்.

சாயங்காலம் ஜெனிபர் வீட்டுக்கு வந்தாள். தாரணி அனுப்பினாளாம். பந்தயத்தன்று என்னென்ன கவனிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வரச் சொன்னாளாம். காலை ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சொல்லத் தயாராக இருந்தேன். டைல்ஸ், தார், மூடி, கோடு என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் நின்றுபோனது. அதெல்லாம் அவள் காலுக்கே தெரியும்.

கடைசியில் சொன்னது இவ்வளவுதான். தரையைப் பற்றி அவளிடம் பேசாதே, உயரமான தடை மட்டும் நாலு எட்டு முன்னாலேயே சொல்லிவிடு. முழங்காலுக்கு மேல் இருப்பதெல்லாம் உன் பொறுப்பு, மரக்கிளை, பேனர் கயிறு, சைக்கிள் ஹேண்டில், குறுக்கே வந்து செல்பி எடுப்பவர்கள். ரோட்டில் ஓரச் சரிவில் அவளை விடாதே.

காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஜெனிபர் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பது போல உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இருவரும் அவள் கிளினிக்கைப் பற்றிப் பேசினோம்.

அக்டோபர் 5, ஞாயிறு

இவர்தான் கூட்டிக்கொண்டு போனார். முடிக்கும் இடத்தில் கூட்டமாக இருக்கும் என்று, ஏழாவது கிலோமீட்டர் வளைவில் ஒரு மதில் ஓரமாக நின்றேன். காலைவிட மனசு கனமாக இருந்தது. எண் குத்திய பனியன்கள் போய்க்கொண்டே இருந்தன. என் எண் வீட்டில் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

தாரணி வந்தாள். ரோட்டின் நடுப்பக்கமாக, சமமான இடத்தில் வந்தாள். ஜெனிபருக்கு முகமெல்லாம் சிவந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தாரணி அவளுக்காகத் தன் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. என்னோடு வந்திருந்தால் நாலு நிமிடம் முன்னாலேயே இந்த வளைவைத் தாண்டியிருப்பாள். அந்த ஐந்து கிலோமீட்டரை நினைத்து என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

தொண்டை வரை வந்தது. வளைவு, தாரணி, இடது பக்கம் தண்ணீர் டம்ளரெல்லாம் கிடக்கிறது, தோளைத் தளர்த்து. அடக்கிக்கொண்டேன். என் கைக்கெட்டும் தூரத்தில் போனாள். பிளாஸ்டிக் டம்ளர்களை மிதித்தாள், வழுக்குவதற்கு முன்பே காலை எடுத்து அடுத்ததை வைத்துவிட்டாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கூப்பிடலையா?" என்றார். ஓடும்போது குறுக்கே பேசக் கூடாது என்றேன்.

முடிக்கும் இடத்துக்கு நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஜெனிபர் புல்லில் மல்லாந்து கிடந்தாள். தாரணி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகவாயில் தையல் போட்ட இடம் இன்னும் தெரிகிறது. என் நடைச்சத்தம் மாறியிருந்தும் கண்டுபிடித்துவிட்டாள்.

"எங்கீங்க்கா நின்னீங்க?"

ஏழாவது கிலோமீட்டர் வளைவில் என்றேன். நன்றாக ஓடினாய் என்றேன். ஜெனிபரும் நன்றாகப் பார்த்துக்கொண்டாள் என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது.

"பார்த்துட்டு ஏன் கூப்பிடலை?"

உனக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்றேன். எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கினேன் தெரியுமா என்றும் சொன்னேன்.

கழற்றிய ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு வளைவுலயும் உங்க சத்தம் வருதா வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டே வந்தனுங்க்கா. கடைசி வரைக்கும் வரலை. நீங்க வரவே இல்லைன்னு நினைச்சுட்டேன்."

பேசினாலும் தப்பு. பேசாமல் நின்றாலும் தப்பு. இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது.

ஆட்டோ பிடித்து இவரை முன்னால் உட்கார வைத்துவிட்டு, நானும் தாரணியும் பின்னால் உட்கார்ந்தோம். புலியகுளம் போய்ச் சேரும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனேன். சிக்னல், எதிரே வந்த லாரி, அவள் தோளை இறுக்கிக்கொண்டு ஓடியது, ஜெனிபரின் சிவந்த முகம், மிக்ஸி, என் கெண்டைக்கால். அவள் ஒரு இடத்திலும் போதுமுங்க்கா என்று சொல்லவில்லை.